எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே

செந்தூல் அடுக்குமாடியில்
காலை ஏழரைக்கு லிஃப்ட் நின்றுபோனது.
உள்ளே நான்,
மூட்டை தூக்கவென்று நான் எழுப்பிக் கீழே வரச்சொன்ன
தம்பி சர்வேஸ்வரன்,
பத்துக் கிலோ வெங்காயம்.

என் வேலை பிறர் தூக்கத்தைப் பார்ப்பது.
மருத்துவமனையில், முன்பின் தெரியாதவர் நெற்றியில்
கம்பிகளை ஒட்டிவிட்டு
விடியும்வரை திரையில் அலை எண்ணுவேன்.
வீட்டுக்கு வந்து நாலு மணி நேரம் படுத்தால் போதும்.
பள்ளிக்கூட நாளிலிருந்தே போதும்.
விளக்கெரியும் ஜன்னலைக் காட்டி
"பிள்ளைன்னா இது" என்றார்கள்.
கோப்பைகள்கூடத் தந்தார்கள்.

அவனுக்குப் பத்து வேண்டும்.
ஒன்பது என்றால் அன்று முழுக்க
சட்டையைத் திருப்பிப் போட்டவன் மாதிரி திரிவான்.
கிள்ளான் கிடங்கு, பங்சார் உணவகம் இரண்டும் போயின.
மூன்றாவது வேலை எதுவென்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.
கைபேசியில் அவனைக் கும்பகர்ணன் என்று சேமித்தவள் நான்.
முகத்தில் தண்ணீர் ஊற்றியவளும்.

போன மாதம் ஓர் ஆய்வுக்கென்று
இருவரும் எச்சில் கொடுத்தோம்.
"எங்கோ ஓர் எழுத்து மாறியிருக்கிறது" என்றார் டாக்டர் இங்,
"உங்களுக்கு மட்டும்."
ஓர் எழுத்து.
இத்தனை வருடம் அறம் என்று படித்துக்கொண்டிருந்தேன்,
அங்கே இருந்தது அரம்.
காகிதத்தை நாலாக மடித்து
கைப்பையில் வைத்திருக்கிறேன்.
அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

மின்விசிறி நின்றது.
என் நாக்கு ஒட்டிக்கொண்டது, உள்ளங்கை நனைந்தது,
அழுத்திய பொத்தான்களையே மறுபடி அழுத்தினேன்.
முப்பத்து நாலு வயதில் அம்மா என்றேன்.

அவன் சுவரிலிருந்த எண்ணைப் படித்தான்,
காவலரிடம் மலாயில் நிதானமாகப் பேசினான்.
"அரை மணி நேரமாம். உட்காருக்கா.
வெங்காயத்து மேல இல்ல, இந்தப் பக்கம்."
பரீட்சை முடிவு வரும் நாளெல்லாம்
நான் வாந்தி எடுத்ததும்
இவன் வாளி பிடித்ததும் நினைவு வந்தது.
அதற்கு எந்த எழுத்து?
டாக்டரிடம் கேட்கத் தோன்றவில்லை.
அதற்குக் கோப்பையும் யாரும் தரவில்லை.

என் தோளில் சாய்ந்தான்,
ஒரு கொட்டாவி, அவ்வளவுதான்.
பழக்கதோஷம், மூச்சை எண்ணினேன்.
நிமிடத்துக்குப் பதினாலு.
எண்ண எண்ண
என் காதுக்குள் இடித்தது
எப்போது அடங்கியது என்று தெரியவில்லை.

கதவைப் பிளந்து திறந்தார்கள்.
பத்தாம் மாடிக் கமலாட்சி எட்டிப் பார்த்து,
"அட, லிஃப்டிலயுமா?"

சத்தம் போடாதீங்க, என்றேன்.
இவனுக்கு இன்னும்
இரண்டு மணி நேரம் பாக்கி.