மூன்றாம் வரிசை

பணகுடி நாற்றங்காலில்
முந்நூறு வேங்கைக் கன்றுகள், கறுப்புப் பைகளில்.
முதல் வரிசைக்குத் தினமும் தண்ணீர்.
இரண்டாவதற்கு வாரம் ஒருதரம்.
மூன்றாவதற்கு, ஆடி பிறந்ததிலிருந்து, இல்லை.
ஆய்வு என்று தாளில் போட்டிருக்கிறது.

ஸ்கேல் பிடிப்பது நான்.
வாளி ஜெபக்கனி கையில்.
மூன்றாம் வரிசையைக் கடக்கும்போது
வாளியை அந்தப் பக்கக் கைக்கு மாற்றிக்கொள்வாள்,
கன்றுகள் பார்த்துவிடும் என்பதுபோல.

காற்றுக்குக் குறைவில்லை.
காற்றாலைகள் ராத்திரியும் சுற்றுகின்றன.
மேகம் மகேந்திரகிரி வரை வந்து
மலைக்கு அங்கிட்டே இறங்கிவிடுகிறது.

முளைத்தபோது நாலு இலை.
நாற்பதாம் நாளும் நாலு.
பிறகு ஓரம் சுருண்டு ஒன்றை உதிர்த்து
மூன்று.
'வளர்ச்சி இல்லை' என்று எழுதிக்கொண்டே வந்தேன்.

நேற்று ஒரு பையைத் தூக்கினால்
வரவில்லை.
அடியைக் கிழித்துக்கொண்டு
செம்மண்ணுக்குள் போயிருந்தது
நூல் கனத்தில் ஒரு வேர்.
தோண்டத் தோண்டப் போனது. ஸ்கேல் பற்றவில்லை.
ஜெபக்கனி முழங்கையை வைத்துப் பார்த்து,
பூக்காரி குரலில்,
"ஒரு முழத்துக்கு மேலல்லா இருக்கு" என்றாள்.

தாளில் வேருக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்.

பக்கத்துப் பைகள் லேசாக வந்தன.
தூக்கித் தூக்கி எண்ணினோம்.
எழுபத்தொன்று.