மூக்கோரத்து வெளிச்சம்

வெள்ளிக்கிழமை ராத்திரி இரண்டும் வந்து சேர்ந்தன.
கருப்பு, எங்கள் ஜவ்வரிசிக் குடோனில்
பில் போடும் யாஸ்மின் கொடுத்தது,
அவள் தம்பியின் கேம் பெட்டியோடு, திங்கள் காலை வரை.
வெள்ளை, ஐந்து ரோட்டுக் கடையில்
மூன்று நாள் வாடகைக்கு.
மாட்டிப் பார்த்து எது தேவலையோ
அதைப் பன்னிரண்டு தவணையில் வாங்குவதாகப் பேச்சு.

அஸ்தம்பட்டி வீட்டுக் கூடம்
ஒன்பதுக்குப் பதினொன்று.
கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாத்தினோம்.
கிரைண்டரைச் சமையலறைக்குள் தள்ளினோம்.
தரையில் எல்லைக்கோடு போடச் சொன்னது கருப்பு.
போட்டேன்.
இடம் போதாது என்றது,
வாடகைக்குப் பார்க்க வந்த அன்று
நாங்கள் இருவரும் வாய்க்குள் விழுங்கிய
அதே வார்த்தை.
வெள்ளைக்குக் கொஞ்சம் இரக்கம்:
நின்ற இடத்திலேயே ஆடு, போதும்.

நோட்டில் நடுக்கோடு கிழித்து எழுதினேன்.
எடை: கருப்பு கன்னத்தெலும்பில் ஏறி உட்கார்கிறது.
கழற்றினால் கண்ணைச் சுற்றி இரண்டு வட்டம்;
ஆந்தை மாதிரி இருக்கே என்றார் தீர்த்தகிரி.
பட்டை: வெள்ளைக்குக் கொண்டை ஆகாது,
சடை பின்னினால்தான் நிற்கும்.
எந்தக் கடைக்காரரும் இதைச் சொல்வதில்லை.
சார்ஜ்: வெள்ளை, ஒன்றே முக்கால் மணி நேரம்.
கருப்புக்கு வால் உண்டு, காலைச் சுற்றுகிறது,
கரண்ட் போனால் உலகமும் போகிறது.
கைப்பிடி: இரண்டிலும்
தட்டுவடை செட்டின் சட்னி ஒட்டிக்கொண்டது. எங்கள் தப்பு.
படம்: கருப்பு. சந்தேகமே இல்லை.
புல்லில் பனித்துளியை எண்ணலாம்.

தீர்த்தகிரி மலை பஸ் ஓட்டுகிறவர்.
ஏற்காட்டுக்கு நாளைக்கு மூன்று நடை,
ஏற இருபது கொண்டை ஊசி, இறங்க இருபது,
ஒருநாளும் தலை சுற்றியதில்லை.
நான், கல்யாணமான புதிதில்
அவர் பஸ்ஸிலேயே, முன் சீட்டிலேயே,
அடிவாரத்திலிருந்து எலுமிச்சம்பழம் முகர்ந்தும்
ஏழாவது வளைவில் ஜன்னலுக்கு வெளியே
தலையை நீட்டியவள்.

சனிக்கிழமை கார் பந்தயம் போட்டோம்.
முதலில் அவருக்கு, கருப்பு.
நான்காவது நிமிஷம், மூன்றாவது திருப்பம்,
"புடி" என்று கழற்றி என் கையில் திணித்துவிட்டு
வாஷ்பேசினுக்கு ஓடினார்.
முகம் துடைத்தபடி வந்து
"வண்டி திரும்புது, ஒடம்பு திரும்பல.
டயர் எங்க இருக்குதுன்னே
இடுப்புக்குத் தெரியல" என்றார்.
வெள்ளையில் ஒரு நிமிஷம் கூடத் தாங்கினார்.
ஃபிரிட்ஜைத் திறந்து எலுமிச்சம்பழம் எடுத்து நீட்டினேன்.
அவர் சிரிக்கவில்லை.

பிறகு நான்.
எனக்கு ஒன்றும் ஆகவில்லை.
ஒன்றுமே ஆகவில்லை!
யாருடையதோ ஒரு மலையை வளைத்து வளைத்து
பள்ளத்து ஓரமாக, ஹாரன் அடிக்காமல்
நூற்று நாற்பதில் போனேன்.
டிவியில் தெரிந்ததைப் பார்த்து அவர் கத்தினார்:
"நடு ரோட்டப் புடிக்காத.
மேல ஏறுறவனுக்கு வழி விடு."
மேலே ஏறுகிறவன் எவனும் அங்கே இல்லை.

கருப்பு முகத்தோடு ஒட்டிக்கொள்ளும், உள்ளே முழு இருட்டு.
வெள்ளையில் மூக்கோரம் ஒரு விரற்கடை இடுக்கு.
குறை என்றுதான் எழுதியிருந்தேன்:
வெளிச்சம் உள்ளே வருகிறது.

ஞாயிறு ராத்திரி
பெரிய வளைவு ஒன்றில் கண்ணைத் தாழ்த்தியபோது
அந்த இடுக்கில் எங்கள் வீட்டு மொசைக் தரை.
அதன்மேல் அவருடைய வலது பாதம்,
வெறும் பாதம்,
எனக்காக பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது.
வளைவு முடிந்ததும் எழுந்தது.
அடுத்த வளைவில்
மறுபடி அழுந்தியது, விரல் வெளுக்க.

திங்கள் விடியுமுன் டூட்டிக்குப் போய்விட்டார்.
கருப்பைத் துடைத்து, வயரைச் சுருட்டி
யாஸ்மினிடம் கொடுத்தேன்.
எது வாங்கறீங்க என்றாள்.
வெள்ளை.
படம் இதுலதானேக்கா நல்லா இருக்கும்?
ஆமாம், இதில்தான் என்றேன்.