அரைப்பேர்

மாசி வறட்சி காசல்ரீயைக்
கீழே இறக்கி வைத்திருந்தது.
வெடித்த சேற்றில் முந்நூறு மீற்றர் நடந்து பார்த்து,
கல் பொறுக்கிப் போட்டு,
சுண்ணாம்பால் இரண்டு கோடு இழுத்தாள் ருவந்தி.
ஓடுபாதை அவ்வளவுதான்.
சித்திரை மழை வந்தால் மறுபடி மீனுக்குச் சொந்தம்.

விமானம் என்றால் நோர்வூட்டில் சிரிப்பார்கள்.
அலுமினியக் குழாய், பாய்த்துணி,
முன்னே ஒருவர் பின்னே ஒருவர்,
முதுகுக்குப் பின்னால் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்.
பழசு. மூன்று த்ரீவீலின் விலை.
அதையும் நாலு பேர் சீட்டுப் பிடித்துத்தான் கட்டினார்கள்.

எஞ்சின் இருமினால் எனக்கு ஆள் வரும்.
ஹற்றன் டிப்போவுக்குக் கீழே என் கராஜ்.
பிளக்கைக் கழற்றிக் கரி சுரண்டி
கார்புரேற்றரை ஊதிக் கொடுத்தேன்.
காசாகத் தரட்டுமா என்றாள்.
நிமிடமாகத் தா என்றேன்.
பன்னிரண்டு.

ஏறுமுன் தராசு.
கொழுந்துத் தராசேதான், பக்டரி ஏலத்தில் வாங்கியது,
கொக்கியில் பலகை கட்டியிருந்தாள்.
உட்கார்ந்தேன். எண்பத்தொன்று.
உதட்டைப் பிதுக்கினாள்: "பாரம் கூட."
டாங்கிலிருந்து எட்டு லீற்றர் உறிஞ்சி எடுத்தாள்.

அம்மா இருபது கிலோ கொண்டுவந்தால்
சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு இரண்டு
கழித்துப் பதினேழு என்று எழுதுவார்கள்.
பதினெட்டுக்குக் கீழே அரைப்பேர்.
பாரம் கூட என்று
அந்தத் தராசடியில் யாரும் சொல்லி
நான் கேட்டதில்லை.

சேறு தடதடத்தது.
பிறகு தடதடக்கவில்லை.
பறப்பது என்பது
ஒரு சத்தம் குறைவதுதான்.
இந்த உயரத்தில் காற்றுக்கும் சோகை;
இறக்கை அதைக் கெஞ்சிக் கெஞ்சி ஏறியது.

"பிடி" என்றாள் பின்னாலிருந்து.
இழுத்தால் இறக்கம், தள்ளினால் ஏற்றம்,
இடப்பக்கம் போகக் கம்பியை வலப்பக்கம் தள்ளு.
த்ரீவீல் பிடித்த கைக்கு எல்லாம் தலைகீழ்.
இரண்டு தரம் தப்பாகத் திருப்பினேன்,
மூன்றாம் தரம் மலை ஒதுங்கிக்கொண்டது.

லயத்தைத் தேடினேன்.
தகரமெல்லாம் ஒரே தகரம்.
நீலத் தண்ணீர்த் தாங்கி,
அதிலிருந்து மூன்றாவது,
இல்லை, நாலாவது.
நம்பர் ஏழு மலையில்
வெள்ளை வெள்ளையாய்ச் சாக்குகள் நகர்ந்தன.
ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்கவில்லை.
பதினெட்டு ஆகவேண்டும்.

நோட்டன் பக்கமிருந்து பனி வந்தது.
எஞ்சின் ஒரு தாளம் விட்டது.
அவளுக்கு முன் எனக்குக் கேட்டது.
"கார்புரேற்றருக்குக் குளிருது" என்று கத்தினேன்.
"போதும், தா."
கம்பி அவள் கைக்குப் போனது,
சுண்ணாம்புக் கோடு பெருத்துக்கொண்டே வந்தது.

இறங்கியதும் ஒரு புத்தகம் நீட்டினாள்.
பெயர் என்ற கட்டத்தில் முழுதாய் எழுது என்றாள்.
ஆண்டிமுத்து கமலநாதன்.
எண்ணெய்க் கை, இரண்டாம் எழுத்து கலங்கிவிட்டது.
பக்கத்துக் கட்டத்தில் அவள் எழுதினாள்: ஏழு நிமிடம்.

அரைப்பேர்தான்.
மீதி ஐந்து கடன்.
பிளக்கை மறுபடி கழற்றினேன்.
சித்திரைக்கு இன்னும் பத்தொன்பது நாள்.