மாதாவின் தோளுக்குப் பின்னால்

பெரியாஸ்பத்திரி மூன்றாம் வார்டில்
அம்மாவின் கட்டிலுக்கு எதிரே ஒரு காலண்டர்.
ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால்
இத்தாலியில் எவனோ எழுதிய மாதா.
வந்தவர்கள் எல்லாம் குழந்தையைப் பார்த்தார்கள்.
நான் பார்த்தது
அவள் இடது தோளுக்குப் பின்னால்
கட்டைவிரல் நகமளவு தெரிந்த ஊரை.
ஆறு, பாலம், நீல மலைகள்,
கழுதையோடு போகும் ஒருத்தன்.
இருபத்தாறு நாள் அவனோடு நடந்தேன்.

மறுநாள்
தோல் மண்டிப் பேரேட்டில் கிழித்த தாளின் முதுகில்,
நாலு எச் பென்சிலை பிளேடால் ஊசியாகச் சீவிக்கொண்டு
விருதம்பட்டுக் கரையில் உட்கார்ந்தேன்.
பத்தொன்பது வயசு.
நிழல் தீட்டுவது ஏமாற்று, கோடுதான் சத்தியம் என்று
எனக்கு நானே சட்டம் போட்டிருந்தேன்.
வேலிகாத்தானின் இலைகளை
ஒன்றுவிடாமல் எண்ணி வரைந்தேன்.
எண்ண முடியாது. எண்ணினேன்.
மணல் வண்டியின் ஆரக்கால், மாட்டின் விலா.
தூரம் போகப் போக மலை நீலமாகும் என்றது காலண்டர்.
எங்கள் மலைகள் சித்திரை வெயிலில் வெளுத்து
பாதி உயரத்தில் காணாமல் போயின.
விளிம்பை ஊகித்துப் போட்டேன்.
அப்புறம் ஆறு.
பாலாற்றில் கரை முட்டத் தண்ணீர் விட்டேன்,
மயிர்க்கோடு மயிர்க்கோடாக,
பாலத்தின் தூண்கள் தலைகீழாய்த் தெரிய.

இல்யாஸ் பீடியை வாயிலிருந்து எடுக்காமலே
"எந்த ஊருடா இது?" என்றான்.

எதிரே மணலில் ஸ்டம்பு நட்டு
பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள்.
ஊற்று தோண்டிய ஒருத்தி
கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு
குடத்தின் கழுத்துவரை வந்திருந்தாள்.

அழித்தேன்.
நாலு எச் லேசில் அழியாது, பள்ளம் வெட்டும்.
தேய்க்கத் தேய்க்க
முதுகுப்பக்கத்து மசி மேலேறி
ஆற்றின் நடுவில் தெரிந்தது:
ஆட்டுத்தோல் நாற்பது. பாக்கி.

பிற்பாடு கோடே இல்லாமல் வரையப் பழகினேன்.
புயல், தீ, சுவர் அகலத்துக்குக் கருமேகம்.
அவற்றுக்கெல்லாம் விலை உண்டு.
இது பெட்டிக்குள் கிடக்கிறது.
மூலையில் பழைய மேதைகளைப் போல
சுழித்துப் போட்ட ஒரு 'ஞா',
கீழே 1974.

அன்று சாயங்காலம்
தலையணையில் சாய்ந்தபடி
அம்மா அதை நெடுநேரம் பார்த்தாள்.
"முன்னாடி யாருடா உக்காரப் போறாங்க?"

அப்போதுதான் கவனித்தேன்.
ஆறு, மலை, வண்டி, முள்மரம் எல்லாமே
இடது ஓரத்தில் ஒதுங்கி நின்றன.
நடுவில் ஒரு ஆள் அளவுக்கு
வெறும் தாள்.

பதில் சொல்வதற்குள்
நர்ஸ் வந்து அம்மாவின் வாயில்
தெர்மாமீட்டரை வைத்தாள்.