மயிலை போன வழி

தாராபுரத்தில் கிளம்பும்போது
நாற்பத்தெட்டு மாடு என்று எழுதிக்கொண்டார்கள்.
கரட்டடிக்கு வந்து சேர்ந்தபோது முப்பத்தொன்று.
கணக்குப்பிள்ளை மாட்டைத்தான் எண்ணினான்.
வண்டிக்காரர்களை எண்ண
அவனிடம் ஓலை மீதமில்லை.

கரட்டின் மேலே அவர்கள்.
கீழே நாங்கள், எங்களோடு கும்பினித் துருப்பு,
அச்சு முறிந்த ஒன்றையும் சேர்த்தால்
மூன்று பீரங்கி.

அவர்கள் என்றால் யார் என்று கேட்காதீர்கள்.
சின்னப் பண்ணாடி பக்கம் நின்றவர்கள்.
பெரிய பண்ணாடி உப்பைத் தின்றவர்கள் நாங்கள்.
என் அக்காளைக் கட்டிய வேலப்பன் மேலே இருந்தான்.
போன தையில் அவன் வெட்டிய கிடாயில்
எனக்கும் ஒரு கூறு வந்தது.

ஒன்பது நாள் சுட்டோம்.
பாறைதான் உதிர்ந்தது.
ராத்திரியானால் மேலே ஆட்டுக்குட்டி கத்தும்,
யாரோ விடாமல் இருமுவார்கள்.
வழி காட்டினால் ஐம்பது வராகன் என்று
ஊர் ஊராகத் தமுக்கடித்தார்கள்.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
கிளுவை வேலிகளுக்கு நடுவே எத்தனை இட்டேறி!
எல்லாம் யாரோ ஒருவர் காட்டில் போய்
முட்டி நின்றன.

பத்தாம் நாள்,
மேய்ச்சலில் பிடித்து வந்த மயிலை ஒன்றை
என் வண்டியில் பூட்டினார்கள்.
வலது கொம்பில் பித்தளைப் பூண்.
நெற்றியில் யாரோ அப்பிய மஞ்சள்
வியர்வையில் பாதி கரைந்திருந்தது.

பொழுது சாயத் தண்ணிக்கு அவிழ்த்தேன்.
அது குட்டைப் பக்கம் திரும்பவில்லை.
காதை முன்தள்ளிக் காற்றை மோந்தது.
கொழுக்கட்டைப்புல்லைக் குறுக்கே தாண்டி
முள்ளடைத்த கடவில் கொம்பைக் கொடுத்து நெம்பியது.

உள்ளே தடம்.
ஈரம் காயாத சாணி.

பிடிகயிறு என் கையில்தான் இருந்தது.
நார் உள்ளங்கையைச் சுட்டது, நான் இழுத்தேன்.
எவ்வளவு பலமாக இழுத்தேன் என்பதுதான்
இன்றுவரை தெரியவில்லை.

"விட்டுப் பிடி" என்றார் சுபேதார்,
சத்தமில்லாமல்.

மாடு முன்னால் போனது.
அதன் பின்னால் இருநூறு பேர்,
செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

மேலே நடந்ததைப் போனவர்கள் சொல்லட்டும்.
விடிந்த பிறகு
பிணமேற்ற வண்டி ஓட்டிப்போனவன் நான்.
வேலப்பன் அதில் இல்லை.
தப்பினான் என்று சொல்ல ஆளில்லை,
செத்தான் என்று சொல்லவும்.

மயிலை அதன் கட்டுத்தறியில் நின்றது.
யாரும் கட்டவில்லை.
வெறும் காடிக்குள் மூஞ்சியை விட்டுச்
சோளத்தட்டைத் தேடிக்கொண்டிருந்தது.

கணக்குப்பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தான்.
"இது யார் மாடு?"

"நம்முதுங்க" என்றேன்.

எழுதிக்கொண்டான்.