வௌவாலுக்கு வழி

ஐந்திலிருந்து எட்டு வரை என்று
நகரமன்றம் அறிவித்திருக்கிறது.
பேய்களுக்கும் நேரம் குறித்துக் கொடுக்கிற ஊர் இது.
விஸ்கான்சினில் அக்டோபர் கடைசி,
ஆறு மணிக்கே இருட்டு.
காலையில் பெய்த பனி
வேலியோரம் அழுக்குப் பஞ்சாகக் கிடக்கிறது.

பால் லாரியை நிறுத்திவிட்டு
குளிக்காமல்கூட வந்திருக்கிறேன்.
கையில் சிவப்பு டார்ச்,
மேலே வேலைக்குப் போடும் மஞ்சள் ஜாக்கெட்.
ஹோய்ஃப்ட் பண்ணை வளைவில் நடைபாதை கிடையாது.
தெருவிளக்கு ஒன்று உண்டு,
அதற்கும் மனசு வந்தால்தான் எரியும்.

"ஹாலோவீன் அன்றைக்கு
உனக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா, ரோவீனா?"
வருஷா வருஷம் கேட்கிறார் தபால்காரர் டெல்மர்.
சிரித்து வைக்கிறேன்.

ஒன்பது வருஷத்துக்கு முன், இதே வளைவு.
இருபத்தைந்து மைலில்தான் வந்தேன்,
சட்டம் சொன்ன வேகம்.
ஒரு சொட்டுக் குடிக்கவில்லை, போனைத் தொடவில்லை.
டப்பென்று ஒரு சத்தம்.
இறங்கிப் பார்த்தால் சக்கரத்தடியில்
பிளாஸ்டிக் பூசணி வாளி,
நசுங்கியும் இளிப்பு மாறாமல்.
சாலையெங்கும் மிட்டாய்.
ஓரத்தில் ஒரு சூனியக்காரி,
ஏழு வயது இருக்கும்,
கழன்ற ஷூவை மாட்டக் குனிந்திருக்கிறாள்,
வாளி மட்டும் உருண்டு முன்னால் போயிருக்கிறது.
அவள் அழவில்லை.
"ஸாரி" என்றாள், என்னிடம்.
அந்த ஸாரியை எங்கே வைப்பதென்று
இன்னும் எனக்குத் தெரியவில்லை.

இதோ வருகிறார்கள்.
இளவரசி, அவள் ஜரிகைக்கு மேல் அம்மாவின் கம்பளிக் கோட்டு.
வாலைக் கக்கத்தில் இடுக்கிய டைனோசர்.
அட்டைப்பெட்டி ரோபோ ஒன்று,
தன் காலையே தன்னால் பார்க்க முடியாமல்
தங்கையின் தோளைப் பிடித்தபடி.
நில், போ, நில், இப்போது போ.

எதிர்ப்புறம் நிறுத்திய காரில்
உள்விளக்கைப் போட்டுக்கொண்டு ஒருத்தி
மகனின் மிட்டாயை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிறாள்,
உறை கிழிந்திருக்கிறதா, ஊசி இருக்கிறதா.
பார்க்கட்டும், நல்லதுதான்.
சாலையை யாரும் அப்படிப்
பிரித்துப் பார்ப்பதில்லை.

ஏழே முக்காலுக்கு ஒரு வௌவால்.
குடைத்துணியில் தைத்த இறக்கை,
கறுப்பு முகமூடி, கறுப்புக் கால்சட்டை, கறுப்பு ஷூ.
டார்ச் வெளிச்சம் படும்வரை
அங்கே யாருமே இல்லை.
வயிற்றுக்குள் அந்த டப்பென்ற சத்தம்.

மினுங்கும் டேப்பை நீட்டினேன்,
முதுகில் ஒரு கீற்று போதும் என்றேன்.
"வௌவால் மினுங்காது."
முகமூடியையாவது தூக்கிக்கொள்ளேன், கடக்கும்வரை.
"வௌவால் இருட்டில் கண்ணை நம்பாது.
சத்தம் போடும்,
திரும்பி வருகிற சத்தத்தை வைத்துப் பார்க்கும்."
கார் வௌவால் இல்லையே, என்றேன்.
அது யோசித்தது.
மூக்கை இறக்கையில் துடைத்துக்கொண்டது.
"அப்படியென்றால் காருக்கு நீங்கள் சொல்லுங்கள்.
எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்."

வேறென்ன செய்ய?
நடுச்சாலையில் போய் நின்று
இரண்டு கையையும் விரித்தேன்.
வளைவில் ஒரு மின்சாரக் கார்,
சத்தமே இல்லை, வெளிச்சம் மட்டும்.
நின்றது.
டிக் டிக் டிக் என்று
நாக்கைச் சொடுக்கியபடி
என் முதுகுக்குப் பின்னால் நடந்து போனான்.
திரும்பிப் பார்த்தேன், காணோம்.
இருட்டு அவனை மூடிக்கொண்டது.

தொப்பியைக் காதுக்கு மேலே ஏற்றினேன்.
டிக் டிக்,
அது தபால் பெட்டியருகே.
டிக்,
அது பள்ளத்தைத் தாண்டி.
அப்புறம் ஒன்றுமில்லை.
ஒன்றுமே இல்லை.
டிக்.
மரப்படியில் ஷூ உரசும் ஓசை,
கதவு திறந்தது,
யாரோ போலியாக அலறிப் பயந்தார்கள்.

அப்போதுதான் கையை இறக்கினேன்.
ஒட்டாத டேப் கீற்று
என் கையுறையில் மினுங்கிக்கொண்டிருந்தது.
கார்க்காரர் கண்ணாடியை இறக்கினார்:
"யாரும் கடக்கவே இல்லையே, எதற்கு நிறுத்தினீர்கள்?"
வௌவால், என்றேன்.
மெதுவாகப் போங்கள்.