கடைமடை எடை

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு மேல் வந்தது கடிதம்.
'திட்டம் நிறைவுக்குக் கொண்டுவரப்படுகிறது.'
யார் கொண்டுவருகிறார்?
அந்த வாக்கியத்தில் எழுவாய் இல்லை.

பத்தொன்பது வருஷம். வல்லூறு என்று பெயர்.
அதற்கு எடை பார்ப்பது என் வேலை:
ஆணி, ஒயர், பூசிய பெயின்ட் வரை.

லீவு போட்டுத் தலைஞாயிறு வந்தேன்.
தங்கை வான்மதி இங்கே நீர்வளத் துறையில் உதவிப் பொறியாளர்.
அக்காவுக்கு ஆறுதல் சொல்ல அவளுக்கு நேரமில்லை.
மேட்டூர் திறந்து பதினெட்டு நாள்;
அடப்பாற்றிலிருந்து பிரியும் அவளுடைய வாய்க்காலில்
நண்டுவளை வாய்கூட நனையவில்லை.

ஜீப்பின் பின்சீட்டில் நானும் ஏறிக்கொண்டேன்.
போனில் அவள்:
"அரையடின்னு எழுதியிருக்கீங்க சார்,
ரெண்டடி தூக்கியிருக்கு ஷட்டர்."
அந்தப் பக்கம் இருப்பவர் கெட்டவர் இல்லை.
அவர் ஊரிலும் நாற்றங்கால் வெடித்திருக்கிறது,
அவர் வாசலிலும் நாற்பது பேர் நிற்கிறார்கள்.

எங்கள் கூட்டங்களிலும் கெட்டவர் யாருமில்லை.
எட்டரை டன்னில் தொடங்கினோம்.
கப்பலிலும் இறங்கட்டும் என்றார்கள்: கால் தடித்தது.
இன்னும் கொஞ்சம் தூரம் என்றார்கள்: வயிற்றில் ஒரு டாங்க்.
ராடார் பெரிதாகி மூக்கு கனத்தது.
மூக்குக்கு ஈடாக வாலில் ஈயம் வைத்தோம்.
ஈயம்!
பறக்க வேண்டிய ஒன்றில்.
கணக்குப் போட்டதும் கையெழுத்திட்டதும் நான்தான்.
ஒவ்வொரு முறையும் "நாற்பது கிலோதானே மேடம்" என்றார்கள்;
நாற்பது கிலோதான்.

வாக்களித்த உந்துவிசை
மேட்டூரில் திறந்த கனஅடி மாதிரி
காகிதத்தில் முழுசாக இருந்தது.
மார்ச் தோறும் பணம் திரும்பிப் போயிற்று,
ஜூனில் பாதி வந்தது.
ஐந்து இயக்குநர்கள். ஒவ்வொருவரும்
முன்னவர் வரைந்த இறக்கையைக் கொஞ்சம் திருத்தினார்கள்.
திட்டத்தின் முதல் பக்கத்தில் எழுதிய எதிரி விமானம்
இதற்குள் ஓய்வு பெற்று
ஏதோ ஒரு நாட்டின் அருங்காட்சியகத்தில் நிற்கிறது,
குழந்தைகள் ஏறி விளையாட.

பறந்ததே இல்லையா என்று கேட்பீர்கள்.
ஊர்வலத்தில் ஒருமுறை போனது, ஃபைபர் உடம்பு,
முன்னால் டிராக்டர்.
நிஜ உடம்பு ஓடுதளத்தில் ஓடிய ஒரு காலையில்
முன்சக்கரம் தரையை விட்டது.
நாலு விநாடி.
டெக்னீஷியன் நஞ்சப்பா கையிலிருந்த ஸ்பானரைக் கீழே போட்டார்.
அந்தச் சத்தம்தான் எனக்கு ஞாபகம்,
இன்ஜின் சத்தம் இல்லை.

மணக்குடி தாண்டும்போது தலைக்கு மேல் இரண்டு ஜெட்.
தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்து கடலுக்குத் திரும்பின.
டிரைவர் ஜெகபர் கழுத்தை வெளியே நீட்டினார்.
"நீங்க செஞ்சதா மேடம்?"
"வாங்கினது."
"சத்தம் நல்லாருக்கு," என்றார்.
எனக்கும் அப்படித்தான் பட்டது.
அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

இயக்கு அணையில் வான்மதி இறங்கி
அளவுகோல் பலகையைப் பார்த்தாள்.
இந்தப் பக்கம் களிமண்; அந்தப் பக்கம் கடல்
கதவின் அடிவரை வந்து உப்போடு காத்திருந்தது.
பதிவேட்டில் எழுதினாள்: 0.00
"பூஜ்யத்துக்கு எதுக்குடி ரெண்டு புள்ளி தள்ளி?"
"இல்லாட்டி அளக்கவே வரலேம்பாங்க."

இரவு, அவள் வீட்டு வைஃபையில்
அலுவலக மெயிலைத் திறந்தேன்.
கணினிக்கு யாரும் கடிதம் அனுப்பவில்லை போல.
வாராவாரம் தானே கூட்டி அனுப்புகிற எடை அறிக்கை
இந்தத் திங்களும் வந்திருந்தது.
கைவிடப்பட்ட வல்லூறு
இன்னும் அறுநூற்றுப் பன்னிரண்டு கிலோ அதிகம்.

போன வாரம் அறுநூற்று ஒன்பது.
யாரோ, எங்கோ,
மூன்று கிலோ சேர்த்திருக்கிறார்கள்.